சுவரைப் பார்த்து வாசித்த மூன்று பேர்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதனால் அன்னவாசல் பக்கத்தில் இருந்த அந்தக் கல்யாண மண்டபம் மாதம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். சாவி என் மாப்ளையிடம் இருக்கும். மாப்ளை என்றால் உறவுக்காரன் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் அவனை மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான். மைக்செட் வைத்திருந்தான். அந்த மண்டபத்தில் எந்த முகூர்த்தம் என்றாலும் அவன்தான் சவுண்டு. மார்கழியில் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் கோயில்களில் கட்டியிருக்கும். விடியுமுன் எழுந்து மூன்று கோயிலுக்குப் போய்ப் பாட்டைப் போட்டுவிட்டு வந்தால் மீதிப் பகல் முழுக்க அவனுக்கு வேலை இல்லை. அந்தப் பகல்களில்தான் நாங்கள் மூன்று பேரும் மண்டபத்தில் உட்கார்ந்து வாசித்தோம்.

வாசித்தோம் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு சரிகம தெரியாது. நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவன். அரிமளம், திருமயம் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, நாய்க்கடிக்குத் தப்பித்து வந்தவன். வேலைக்கு நடுவே டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, அது ம்ம்ம்ம் என்று இரைவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். வெளியே சொன்னால் லூசு என்பார்கள். மாப்ளையிடம் மட்டும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் பாட்டு வருவதற்கு முன்னால் பெட்டிக்குள் ஒரு இரைச்சல் வருமே, அது தனக்குப் பாட்டைவிடப் பிடிக்கும் என்றான். இரண்டு லூசும் ஒன்றாய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

மூன்றாவது லூசு பாய். அன்னவாசல்காரர். துபாயில் ஏசி மெக்கானிக்காகப் பல வருஷம் இருந்துவிட்டு, முதுகு போனதும் ஊரோடு வந்துவிட்டார். எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர். மாப்ளையை அவர் மச்சான் என்பார், என்னை மட்டும் ‘சார்’ என்பார். நான் கரண்டு ஆபீஸ் ஆள், ஒரு மரியாதை. அவர்தான் அந்த ஜப்பான்காரர்களை எங்களுக்குக் கொண்டுவந்தது. வளைகுடாவில் ரூமில் படுத்துக்கொண்டு போனில் எதையோ தேடப்போய் எதுவோ வந்து மாட்டியதாம். அந்தக் குழுவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் தேடிப் போட்டுக் கேட்டுவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

பாய் போனில் காட்டிய அந்தப் பழைய வீடியோ இப்போதும் எனக்கு மனப்பாடம். ஒரு கடற்கரை. மணலில் ஆறேழு ஜப்பான்காரர்கள், தலைமுடியும் தாடியுமாக. ஒருத்தர் கையில் வயலின், ஒருத்தர் கையில் நீளமான குழாய், ஒருத்தர் இரும்புத் தகட்டைக் கம்பியால் தேய்க்கிறார். பாட்டு இல்லை, தாளம் இல்லை, ராகமும் இல்லை. ஒரே ஒரு ஓசை. அது எழும்புகிறது, கொஞ்சம் படுக்கிறது, திரும்ப எழும்புகிறது. அவர்களில் ஒருத்தர்கூட இன்னொருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன்கூட்டி எதையும் பேசி வைத்துக்கொள்ள மாட்டார்களாம், அந்த நேரத்துக்கு எது வருகிறதோ அதுதானாம். “இதுல யாரு சார் பெரிய வித்வான்னே தெரியல, அதான் எனக்குப் பிடிச்சிருச்சு” என்றார் பாய். மாப்ளை அந்த வீடியோவை இரண்டாம் தரம் போடச் சொன்னான். அடுத்த வாரமே காரைக்குடியில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து பழைய எக்கோ மெஷின் ஒன்றை வாங்கிவந்துவிட்டான்.

எக்கோ மெஷின் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. உள்ளே ஒரு டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு ஓசையைக் கொடுத்தால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லும். ஒரு திருகு இருக்கிறது. அதைக் குறைத்தால் ஓசை மூன்று தரம் கேட்டு அடங்கிவிடும். கூட்டினால் லேசில் அடங்காது. இன்னும் கூட்டினால் அடங்கவே அடங்காது, தான் சொன்னதையே தான் கேட்டுத் திரும்பச் சொல்லிக்கொண்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மாப்ளை தனக்குக் கொஞ்சம் இழுக்கத் தெரிந்த வயலினின் ஓசையை அதற்குள் விட்டான். பாய் பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பைத் தேய்த்தார். எனக்குச் சுருதிப் பெட்டி. அதற்குத் துருத்தியை அமுக்க ஒரு கை இருந்தால் போதும், மூளை தேவையில்லை என்று மாப்ளைதான் கொடுத்தான்.

ஜப்பான்காரர்களுக்குக் கடல் இருந்தது. எங்களுக்கு மண்டபம்தான். ஆனாலும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூடாது என்ற சட்டத்தை மாப்ளை விடவில்லை. முகத்தைப் பார்த்தால் கண் ஜாடை வரும், கண் ஜாடை வந்தால் ஒருத்தன் மேஸ்திரி ஆகிவிடுவான் என்பான். அதனால் ஜமுக்காளத்தை விரித்து, ஸ்பீக்கர் பெட்டிகளை நடுவில் வைத்து, ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்காருவோம். கண்ணை மூடிக்கொள்வோம். பேசக் கூடாது. முடிக்கலாம் என்று யாரும் சொல்லக் கூடாது. அவனவன் தானாக ஓய்ந்து, மூன்று பேரும் ஓய்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மாப்ளையின் மனைவிக்கு இதெல்லாம் தலைவலி. என்னை அண்ணே என்று கூப்பிடும். “மாவாட்டுற சத்தம் எங்க வீட்டுலயே கேக்குதேண்ணே, அதுக்கு எதுக்கு மண்டபம்?” என்று ஒருநாள் கேட்டது. இன்னொரு நாள், “கெரைண்டராச்சும் கடசில மாவு குடுக்கும்” என்றது. மாப்ளை விழுந்து விழுந்து சிரித்தான். அரிமளம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் நாடகம் தொடங்கத் தாமதமானதால் அந்த இடைவெளியை அவன் கேட்டுவாங்கி இருபது நிமிஷம் மேடையேறினோம். எங்கள் வாழ்நாளின் ஒரே கச்சேரி. முடிந்ததும் விழாக் கமிட்டி ஆள் ஒருத்தர் வந்து, “மைக் டெஸ்ட்டு முடிஞ்சிருச்சாங்க? நாடகத்த ஆரம்பிக்கச் சொல்லவா?” என்று கேட்டார். சத்தியமாக அவர் கிண்டல் பண்ணவில்லை.

என் வாயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். யாரையும் பாராட்டி எனக்குப் பழக்கம் இல்லை. என் வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவேன், நன்றாக இல்லை என்றால்தான் வாயைத் திறப்பேன். ஒவ்வொரு தடவை வாசித்து முடித்ததும் மாப்ளை என் பக்கம் திரும்பி, “எப்புடி மாப்ள இருந்துச்சு?” என்பான். “கரண்டுக்குப் பிடிச்ச கேடு” என்பேன். இல்லாவிட்டால், “இருந்துச்சு” என்பேன். அவன் பாயிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. பாய் கேட்காமலே மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்ளை வரும்போதே நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு வந்தான். வாயு பிடித்திருக்கிறது என்றான். “மூணு கோயில்லயும் பொங்கல வழிச்சு வழிச்சுத் தின்னா வாயு பிடிக்காம வேற என்னத்தடா பிடிக்கும்?” என்றேன். பாய் கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கிவந்து கொடுத்தார். குடித்தான், பெரிதாக ஒரு ஏப்பம் விட்டான். “போயிருச்சு பாத்தியா” என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அட பாவிகளா, ஐம்பதைத் தாண்டிய ஒருத்தன் நெஞ்சைத் தேய்த்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மூன்று பேரில் ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லை.

வழக்கம்போல எக்கோ மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். சின்ன ரிக்கார்டர் ஒன்றை முன்னால் தரையில் வைத்து அமுக்கினான். சம்மணம் போட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து, அடிப்பக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டான். பிறகு நான் என் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். அவன் முகத்தை நான் உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

அன்றைக்கு வாசிப்பு நன்றாக இருந்தது. நன்றாக என்றால், நாங்கள் தொடங்கியதிலிருந்து அப்படி ஒன்று அமைந்ததே இல்லை. மாப்ளையின் வயலின் முதலில் கொஞ்சம் அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்தது. அப்புறம் ஒரு இடத்தைப் பிடித்து நின்றது. நின்ற பிறகு அசையவில்லை. வழக்கமாக அவனுக்குப் பொறுமை இருக்காது. நடுவில் ஏதாவது சேட்டை பண்ணுவான், வில்லைத் தட்டுவான், கீச்சென்று ஒரு இழுப்பு இழுப்பான். அன்றைக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஓசை, அலையலையாக வந்துகொண்டே இருந்தது. இவனுக்கு இந்தப் பக்குவம் எப்போது வந்தது என்று நினைத்துக்கொண்டே நான் துருத்தியை அமுக்கினேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

முதலில் நான் ஓய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பாயும் ஓய்ந்தார். வயலின் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சட்டப்படி அவன் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, பேசாமல். கடைசியில் பாய்தான் சட்டத்தை மீறினார். “மச்சான், போதும்ப்பா. அஸர் தொழுகைக்கு நேரமாச்சு” என்றார். பதில் இல்லை. ஓசையும் நிற்கவில்லை. பாய் எழுந்து ஸ்பீக்கர் பெட்டியைச் சுற்றி அங்கிட்டுப் போனார்.

“யா அல்லாஹ்” என்று கத்தினார்.

மாப்ளை வயலின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். வில் மடியில் கிடந்தது. கை சில்லிட்டிருந்தது. வயலின் ஓசை மட்டும் நிற்காமல் பெட்டியில் வந்துகொண்டே இருந்தது. திருகைக் கடைசிவரை வைத்திருந்தான். எவ்வளவு நேரமாக அந்த மெஷின் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் போய் ஒயரைப் பிடுங்கினேன்.

அவனுடைய மைக்செட் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பறந்தோம். பாய் ஓட்டினார், நான் பின்னால் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் பார்த்துவிட்டு, “ஒரு அரைமணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தாக்கூட ஏதாச்சும் பண்ணிப் பாத்திருக்கலாங்க” என்றார். நல்ல மனுஷன்தான். உள்ளதைச் சொன்னார்.

அந்த வார்த்தை என் காதில் இருக்கும்போதே சேதி கேட்டு மாப்ளையின் மனைவி வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கியது. ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “என்னண்ணே ஆச்சு? எப்பண்ணே ஆச்சு?” என்று கேட்டது. நான் பொய் சொன்னேன். “வாசிச்சுக்கிட்டு இருக்கயில சாஞ்சான்மா. சாஞ்ச ஒடனே தூக்கிட்டோம், ஒரு நிமிசம் நிக்கலம்மா” என்றேன். பாய் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை எழுந்து நடமாடியது. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னது. “அண்ணனும் பாயும் சாஞ்ச ஒடனே தூக்கிட்டு ஓடுனாகளாம். விதி முடிஞ்சிருச்சு, யாரு என்ன பண்ண முடியும்?” பதினாறாம் நாள் காரியத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் கும்பிட்டது. அன்றைக்கு நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று எரிந்து விழுந்தேன்.

ரிக்கார்டர் என் பீரோவில் இருந்தது. வண்டியில் ஏற்றும்போது எப்படியோ என் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. அதில் அன்றைக்கு வாசித்தது முழுக்க இருந்தது. நான் கேட்கவில்லை. இரண்டு தரம் அதை அழிக்கப் போனேன். அழிக்கவா என்று அது கேட்கும், ஆம் என்று அமுக்க வேண்டும். மாப்ளை கடைசியாக வில்லை இழுத்தது அதற்குள் இருக்கிறதே. என் விரல் போகவில்லை. திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஆவணி பிறந்து, கல்யாண முகூர்த்தங்கள் தொடங்கியிருந்த நேரத்தில் அந்தப் பிள்ளையிடமிருந்து போன் வந்தது. மைக்செட்டை அதுதான் இப்போது நடத்துகிறது, இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு. “அவுக கடசியா வாசிச்சது ஒங்ககிட்ட இருக்காமேண்ணே? பாய் சொன்னாக. ஒரு தடவ கேக்கணும்போல இருக்கு, கொண்டாரீங்களா?” என்றது. சரிம்மா என்று வைத்துவிட்டு நேராகப் பாய் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஏன் சொன்னீங்க, ஒங்களுக்கு அறிவு இருக்கா என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பொய் சொன்னது நீங்க. கூட நின்ன பாவம் என்னோடது. எட்டு மாசமா தொழுகையில நிக்க முடியல சார். போயி உள்ளதச் சொல்லிருங்க” என்றார். கூட வாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றுவிட்டார்.

லீவு போட்டுவிட்டு ஒரு காலையில் போனேன். அவர்கள் மகள் திருச்சியில் காலேஜுக்குப் போயிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் கொடுத்தது, குடித்தேன். ரிக்கார்டரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்தது, மெஷின் வாசித்தது, நாங்கள் அவன் முடிப்பான் என்று காத்திருந்தது, டாக்டர் சொன்னது, எல்லாம். “ஒடனே தூக்கலம்மா. எப்ப சாஞ்சான்னே எங்களுக்குத் தெரியாது. நான் பொய் சொன்னேன்” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பிள்ளை அழவில்லை. என் கையிலிருந்து ரிக்கார்டரை வாங்கி, ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, மைக்செட்காரியாகச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தது.

மாவாட்டுற சத்தம் என்று சொன்ன பிள்ளை, அசையாமல் கேட்டது. நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். திடீரென்று கையைத் தூக்கியது. எழுந்துபோய்க் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும் போட்டது. மறுபடியும் கேட்டது.

“இந்தாண்ணே. கேக்குதா? உஸ்ஸு உஸ்ஸுன்னு.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை இன்னும் கூட்டியது. வயலினுக்கு அடியில், ரிக்கார்டருக்குப் பக்கத்தில், ஒரு மூச்சு.

“மூக்குல சதை வளந்துருக்குல்ல அவுகளுக்கு. தூங்கயில இப்புடித்தான் கேக்கும். இருவத்திநாலு வருசம் பக்கத்துல படுத்துக் கேட்டவதாண்ணே நான்” என்றது. மூச்சு வேகமாகியது. ஒரு தரம் பெரிதாக இழுத்தது. அதற்குப் பிறகு இல்லை. வயலின் மட்டும் அலையலையாகப் போனது. “இங்கதான்” என்றது அந்தப் பிள்ளை. ரிக்கார்டரில் முப்பத்தேழு நிமிஷம் என்று காட்டியது. பாய் கத்திய இடம் எங்கே இருக்கிறது என்று தள்ளிப் பார்த்தது. ஒரு மணி பத்தொன்பது நிமிஷம்.

“நாப்பத்திரண்டு நிமிசம்” என்றது. “ஆஸ்பத்திரிக்கு இருவத்தஞ்சு நிமிசந்தாண்ணே.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னை அடித்திருக்கலாம். வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். அது முப்பத்தேழாவது நிமிஷத்துக்கே திரும்பக் கொண்டுபோய், அங்கிருந்து ஓடவிட்டது. போதும்மா, நிப்பாட்டிரு என்றேன். “இருங்கண்ணே” என்றது. புருஷன் இல்லாத அந்த ஓசையை முழுக்கக் கேட்பது என்று முடிவு பண்ணிவிட்டது போலிருந்தது. நானும் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெட்டியிலிருந்து ஒரு ஆள் குரல் வந்தது. எங்கள் சட்டத்தை மீறி, உணர்ச்சி தாங்காமல் யாரோ பேசிய குரல்.

“ஆகா! பின்னிட்டடா மாப்ள!”

என் குரல். நான் அப்படிச் சொன்னது சத்தியமாக எனக்கு நினைவில்லை. கேட்ட பிறகும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பிள்ளை ரிக்கார்டரை நிறுத்தியது. அப்போதுதான் அதன் முகம் உடைந்தது.

“இத ஒங்க வாயால ஒருநா கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாகண்ணே” என்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கியது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது.

“அவுகளுக்குக் கேட்டுருக்காதுல்லண்ணே?”

“கேட்டுருக்காதும்மா” என்றேன்.